உறைக்காத நாக்கு

யூன் 5, திங்கள்

இந்தக் கொப்பி வைன் குறிப்புகளுக்கு மட்டும். வேறு எதையும் இதில் எழுதுவதாக இல்லை.

இணைய வகுப்பில் சேர்ந்தபோது சொன்ன விதி இது: வாயில் வைக்கும் ஒவ்வொரு வைனையும் பற்றித் திகதி போட்டு எழுதவேண்டும். நிறம், மணம், சுவை, எந்தச் சாப்பாட்டோடு போகும் என்பது. மொழி பற்றி விதி இல்லை. யாராவது கொப்பியைத் திறந்தால் ஆங்கிலம் பாதுகாப்பா, தமிழ் பாதுகாப்பா என்று யோசித்தேன். மகள் நிலானி பல்கலைக்கழகத்துக்குப் போனபின் வீட்டில் இருப்பது நானும் இவரும்தான். இருவருக்கும் இரண்டும் தெரியும். ஆகவே தமிழில் எழுதி, கொப்பியை உழுத்தம்மா டின்னுக்குள் வைப்பதென்று முடிவு செய்தேன்.

பின்னணியை ஒரு தரம் எழுதிவிடுகிறேன். பிறகு வைன் மட்டும். பதினான்கு வருடம் வேலை செய்த காப்புறுதி அலுவலகம் மார்ச் மாதம் எங்கள் பிரிவை மூடிவிட்டது. ஏப்ரலில், இங்கே ஸ்காபரோவிலேயே, மிஸ் ஹயசிந்தின் ஜமேக்கா உணவகத்தில் மதுபான அனுமதிக்கு விண்ணப்பம் நிரப்பிக் கொடுக்கப் போனேன். அனுமதி கிடைத்தது. “இனி வைன் பட்டியல் ஆர் போடுறது?” என்று மிஸ் ஹயசிந்த் கேட்டார். சமையற்காரர் டெல்ரோய் கூரையைப் பார்த்தார். நான் கையை உயர்த்தினேன். எழுபது பக்க விண்ணப்பத்தை ஒரு பிழையில்லாமல் நிரப்பியவளுக்கு ஒரு பக்கப் பட்டியல் பெரிய காரியமா என்று நினைத்திருக்கிறேன். அதுவரை நான் வைனைத் தொட்டதே இல்லை.

மிஸ் ஹயசிந்தின் நிபந்தனை: யூலை 29, சனிக்கிழமை, நாற்பது பேருக்கு விருந்து. ஒவ்வொரு சாப்பாட்டுக்கும் ஒரு வைன். சரிவந்தால் மேசைகளும் மதுவும் நிரந்தரமாக என் பொறுப்பு. சரிவராவிட்டால் வைன் கம்பனி விற்பனைக்காரர் தானே ஒரு பட்டியல் போட்டுத் தருவார், நான் வீட்டுக்கு. நாற்பத்தாறு வயதில் இன்னோர் இடத்தில் போய்க் கையை உயர்த்த எனக்குத் தெம்பில்லை.

இவரிடம் உணவகத்தில் கடிதங்கள் பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறேன். கடிதங்களும் பார்க்கிறேன்தான். இவர் கோயில் நிர்வாக சபைச் செயலாளர். மதுக்கடை வந்தால் தெருவைக் கடந்து மறுபக்கத்தால் நடக்கிறவர். அவர் கேட்கவில்லை. நான் சொல்லவில்லை.

யூன் 8, வியாழன்

வெள்ளை, நியூசிலாந்து. புத்தகம் இதில் கூஸ்பெரி மணக்கும் என்கிறது. கூஸ்பெரியை நான் கண்ணால் கண்டதில்லை. எனக்கு மணந்தது பச்சை மாங்காய். அதோடு அதை வெட்டிய கத்தி.

சிவப்பு, இத்தாலி. புத்தகம்: செர்ரி, தோல். நான்: நாவற்பழம், பெட்டியிலிருந்து எடுத்த புதுச் செருப்பு.

முறை: ஒரு மிடறு எடுத்து, வாய் முழுக்கச் சுழற்றி, துப்பிவிடவேண்டும். விழுங்கினால் நாலாவது போத்தல் வரும்போது நாக்கும் இருக்காது, ஆளும் இருக்காது. துப்புவதற்கு எவர்சில்வர் பேணி ஒன்றை எடுத்துக்கொண்டேன். போத்தல்கள் நிலக்கீழ் அறையில், பசுமதி அரிசி மூட்டைகளுக்குப் பின்னால்.

யூன் 11, ஞாயிறு

உடுப்புத் தோய்க்கிற மெஷினுக்குள் ஒரு போத்தல் தக்கை, இவருடைய கோயில் வேட்டியோடு சேர்ந்து சுற்றிக்கொண்டிருந்தது. எடுத்துவிட்டேன். யாரும் பார்க்கவில்லை.

யூன் 14, புதன்

டெல்ரோயின் ஜேர்க் கோழியை இன்று முதல் தரம் ஒழுங்காக உட்கார்ந்து சாப்பிட்டேன். கோழியை முதல் நாளே ஒரு கூட்டில் ஊறவைக்கிறார்: வெங்காயத்தாள், இஞ்சி, தைம் இலை, கறுவாவும் கராம்பும் கலந்ததுபோல மணக்கும் பிமென்டோ விதை, ஸ்கொட்ச் பொனற் என்ற குண்டு மிளகாய். பிறகு நெடுக்காகப் பிளந்த தகரப் பீப்பாய்க்குள் விறகுப் புகையில் வாட்டுகிறார். தோல் கறுத்து, உள்ளே சாறோடு இருந்தது.

“கவனம், உறைக்கும்” என்றார். சாப்பிட்டேன். நல்ல இனிப்பு. கைப்பையில் எப்போதும் வைத்திருக்கும் சின்னப் போத்தலிலிருந்து கொஞ்சம் இடித்த மிளகாய்த்தூள் தூவிக்கொண்டேன். டெல்ரோய் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய தாத்தா கல்லறையில் யாரோ செருப்போடு ஏறி நின்றதைப்போல.

புத்தகத்தின்படி, பலமான சாப்பாட்டுக்குப் பலமான வைன். ஆகவே ஜேர்க் கோழிக்கும் ஆட்டுக்கறிக்கும் அவுஸ்திரேலியாவின் தடித்த சிவப்பு ஒன்றைத் தெரிவு செய்தேன். மதுசாரம் பதினைந்து வீதம். வாய்க்குள் கடுந்தேயிலைச் சாயம்போலத் துவர்த்துப் பிடிக்கும். இரண்டையும் சேர்த்துச் சாப்பிட்டேன். ஒரு குறையும் தெரியவில்லை. இவ்வளவுதான் வேலை என்றால் எதற்கு ஒரு வகுப்பு?

யூன் 17, சனி

குறிப்பு எதுவும் இல்லை. இவர் மத்தியானமே வந்துவிட்டார்.

“என்னப்பா, வெள்ளனவே வந்திட்டியள்?”

“சும்மாதான். நீர் இரும். தேத்தண்ணி நான் போடுறன்.”

இருபத்து மூன்று வருடத்தில் இவர் தேநீர் போட்டதை நான் இரண்டு தரம் கண்டிருக்கிறேன். இரண்டு தரமும் எனக்குக் காய்ச்சல். குசினியில் எந்தத் தட்டில் சீனி இருக்கிறது என்று தேடித் திறந்த கதவுகளின் சத்தத்தை எண்ணினேன். ஏழு.

தேநீரை முன்னால் வைத்துவிட்டு, “மனசுக்குள்ளை ஏதும் கவலை கிடந்தால் சொல்லும்” என்றார். ஒன்றுமில்லை என்றேன். தலையாட்டிவிட்டு என் கண்களையே பார்த்தார். இன்று போட்டிருந்த கறுப்புச் சட்டை எனக்கு நன்றாக இருக்கிறது போலும்.

யூன் 20, செவ்வாய்

இனிமேல் என்னை வேலைக்குத் தானே கொண்டுபோய் விடுகிறாராம். கார்ச் சாவியை வாங்கித் தன் பையில் போட்டுக்கொண்டார். “நீர் ஏன் கார் ஓடிக் களைப்பான்?” கார் உதிரிப்பாகத் தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாடு பார்க்கிற மனிதர், எனக்காக வேலைநேரத்தை மாற்றியிருக்கிறார்.

சாமித்தட்டுக்குப் பக்கத்தில், கோயிலில் கொடுக்கிற துண்டுப்பிரசுரம் ஒன்று கிடந்தது: ‘மது: குடும்பத்தின் எதிரி.’ இரண்டு நாளாக அது இடம் மாறிக்கொண்டே இருக்கிறது. நேற்றுக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில். இன்று என் தலையணைக்குப் பக்கத்தில். கோயிலில் நிறைய அச்சடித்துவிட்டார்கள் போலும்.

யூன் 24, சனி

இதை எழுத விருப்பமில்லை. ஆனால் விதி விதிதான்.

மத்தியானம் விருந்துக்கு ஒத்திகை. மிஸ் ஹயசிந்தின் தேவாலயத்திலிருந்து பத்துப் பேர். முன்வரிசையில் மிஸ் போலெட். பன்னிரண்டு வருடமாக ஒவ்வொரு ஞாயிறும் டெல்ரோயின் ஜேர்க்கைத் தண்ணீர் தொடாமல் சாப்பிடுகிறவர். இன்று தொப்பியைக் கழற்றி விசிறத் தொடங்கினார். பிறகு இருமல். பிறகு மேசை முழுக்க இருமல். மூன்று கூசாத் தண்ணீர் போயிற்று.

(ஆங்கிலத்தில் பேசியதைத் தமிழாக்கி எழுதுகிறேன். என் காதில் அப்படித்தான் விழுந்தது.)

“டெல்ரோய், இண்டைக்கு ஆரிலை கோவம்? பெண்சாதியிலையோ, எங்களிலையோ?” என்றார் மிஸ் போலெட்.

டெல்ரோய் அகப்பையோடு வெளியே வந்தார். “அதே மிளகாய். அதே எண்ணிக்கை. ஒரு விதை கூடப் போடேல்லை!”

மிஸ் ஹயசிந்த் ஒரு துண்டு கோழி தின்றார். ஒன்றுமில்லை. சிவப்பு வைனில் ஒரு வாய் குடித்துவிட்டு இன்னொரு துண்டு தின்றார். கண்ணிலிருந்து நீர் வடிந்தது. கிண்ணத்தை என் முன்னால் வைத்தார்.

“பிள்ளை, நீ இதை இறைச்சியோடை சேத்துச் சாப்பிட்டுப் பாத்தனியோ?”

“பாத்தனான்.”

“உறைக்கேல்லையோ?”

“இல்லை.”

என் நாடியைப் பிடித்து, “எங்கை, நாக்கை நீட்டு” என்றார். நீட்டினேன். பத்துப் பேரும் எட்டிப் பார்த்தார்கள். “இது நாக்கோ, செருப்புத் தோலோ டார்லிங்?”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். காரில் ஏறும்வரை அந்தச் சிரிப்பை முகத்தில் வைத்திருந்தேன். இவர் என்னைப் பார்த்துவிட்டு வானொலியை நிறுத்தினார்.

யூன் 25, ஞாயிறு

புத்தகத்தில் ஐந்தாம் அத்தியாயத்தில் இருக்கிறது. நான் மூன்றாம் அத்தியாயத்தோடு அறிவாளியாகிவிட்டேன். மதுசாரம் கூடிய வைன் மிளகாயின் எரிவைக் கூட்டும். துவர்ப்பும் கூட்டும். உறைப்புக்கு வேண்டியது இனிப்பு, குளிர்ச்சி, குறைந்த மதுசாரம்.

சரி. எந்த வைன், எந்தச் சாப்பாட்டுக்கு, எவ்வளவு இனிப்பு? அதைச் சாப்பிட்டுப் பார்த்துத்தான் சொல்லவேண்டும்.

யூன் 28, புதன்

ஐந்து வைன், ஒரே கோழி. ஐந்தோடும் எனக்கு ஒரே மாதிரி. உறைப்பு என்பது எனக்குக் காற்றுப்போல, இல்லாவிட்டால்தான் தெரியும்.

இவருக்கு வயிற்றுப் புண் வந்து மூன்று வருடம். அது ஆறிவிட்டாலும் இவர் உறைப்புக்குத் திரும்பவில்லை. அன்றிலிருந்து வீட்டில் இரண்டு சட்டி: எனக்குச் சிவப்பு, இவருக்கு மஞ்சள். இரண்டு சட்டி வந்தபின் ஒரே நேரத்தில் சாப்பிடுவதும் நின்றுபோயிற்று. இதற்கும் வைனுக்கும் தொடர்பில்லை. எழுதிவிட்டேன், கிடக்கட்டும்.

திங்கட்கிழமை மிஸ் ஹயசிந்திடம் விற்பனைக்காரரைக் கூப்பிடச் சொல்லப்போகிறேன்.

யூலை 2, ஞாயிறு

காலை பதினொரு மணிக்கு இவர் கோயிலில் இருக்கவேண்டும். நான் நிலக்கீழ் அறையில், அரிசி மூட்டையில் சாய்ந்து, ஐந்து போத்தல்களுக்கு நடுவில் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தேன். படியில் காலடி. இவர். கையில் தேசிக்காய்த் தண்ணீர்.

கீழ்ப்படியில் மெதுவாக உட்கார்ந்தார். கோபம் இல்லை. அது இன்னும் பயமாக இருந்தது.

“எத்தினை நாளாய் உது நடக்குது?”

“யூன் தொடக்கத்திலையிருந்து.”

“ஒரு நாளைக்கு எவ்வளவு?”

“நாலு வகை. சில நாள் அஞ்சு.”

“அஞ்சு வகையோ!” கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “வேலை போன கவலையெண்டு விளங்குது. பிள்ளையும் வீட்டிலை இல்லை. நான்தான் கவனியாமல் விட்டிட்டன். நாங்கள் ஒரு டொக்டரிட்டைப் போவம். ஒருத்தருக்கும் தெரிய வராது.”

அப்போதுதான் எனக்கு எல்லாம் விளங்கியது. தேநீர். கார்ச் சாவி. தலையணையில் துண்டுப்பிரசுரம்.

“ஐயோ, நான் குடிக்கிறேல்லையப்பா!”

“அந்தப் பிரசுரத்திலை முதல் வரியே உதுதான். எல்லாரும் முதல் உப்பிடித்தான் சொல்லுவினமாம்.”

“நான் துப்புறனான்!”

“என்னது?”

“வாயிலை வைச்சிட்டுத் துப்புறனான். இந்தாங்கோ, பேணி.”

பேணியை வாங்கி உள்ளே பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். “இது நான் பால் குடிக்கிற பேணியெல்லோ?”

“கழுவித்தானே வைச்சனான்.”

உணவகம், பட்டியல், யூலை 29, நாக்கை நீட்டியது, எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லச் சொல்ல அழுகையும் வந்தது. இவருடைய தோள் குலுங்கியது. இவரும் அழுகிறார் என்று நினைத்தேன். சிரிக்கிறார்.

“நாக்கை நீட்டச் சொன்னவவோ?” என்றார். “பத்துப் பேருக்கு முன்னாலையோ?”

“ஓம்.”

“கலியாணம் கட்டின புதுசிலை நீர் வைச்ச றால் கறியை நான் மறக்கேல்லை. அந்த மனுசிக்கு என்ரை அனுதாபத்தைச் சொல்லும்.”

சொல்லிக்கொண்டே, என் தட்டில் இருந்த டெல்ரோயின் கோழித் துண்டிலிருந்து ஒரு நார் பிய்த்து வாயில் போட்டார். மூன்று விநாடி. காது மடல் சிவந்தது. பிறகு முழுக் காதும். தேசிக்காய்த் தண்ணீரை எனக்கென்று கொண்டுவந்தவர் தானே குடித்தார்.

நான் அந்தக் காதுகளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

யூலை 4, செவ்வாய்

விற்பனைக்காரரைக் கூப்பிடச் சொல்லவில்லை.

இனி எனக்காகச் சாப்பிட்டுப் பார்ப்பது இவர். இரண்டு நிபந்தனை போட்டார். ஒன்று, தொண்டைக்குக் கீழே ஒரு சொட்டும் போகாது, போகாதது குடித்ததாகாது. இரண்டு, தனக்கு வேறு பேணி.

தொழிற்சாலைப் பழக்கம், அளவுகோல் இல்லாமல் வேலை தொடங்கமாட்டாராம். நானே ஒன்று செய்தேன். மடல் மட்டும் சிவந்தால் ஒன்று. முழுக் காது இரண்டு. கழுத்து மூன்று. உச்சந்தலை வியர்த்தால் நாலு. டெல்ரோயின் கோழி தனியாக: இரண்டு. தடித்த சிவப்போடு: நாலு, அதோடு ஒரு விக்கல். பாவம் மிஸ் போலெட்.

யூலை 9, ஞாயிறு

ரீஸ்லிங், நயாகராவிலிருந்து. வெள்ளை, கொஞ்சம் இனிப்பு, மதுசாரம் பத்து வீதம், நன்றாகக் குளிரவைத்தது. ஜேர்க் கோழியோடு: காது ஒன்று.

வாய்க்குள் வைனை வைத்துக்கொண்டு இவர் கையால் ஏதோ காட்டினார். துப்பியபின், “இதிலை மண்ணெண்ணெய் மணக்குது” என்றார்.

“வைனிலை மண்ணெண்ணெயோ? நாக்கும் போட்டுது, மூக்கும் போட்டுதோ?”

புத்தகத்தைத் திறந்தேன். ரீஸ்லிங்: வயது போகப்போக மண்ணெண்ணெய் மணம். அச்சில் இருக்கிறது. இவர் ஒன்றும் சொல்லவில்லை. பின்னேரம் முழுக்க வீட்டுக்குள் ஒன்றும் சொல்லாமலே நடந்தார், எனக்குக் கேட்கக்கூடியதாக.

யூலை 15, சனி

பட்டியல் உருவாகிறது.

பொரித்த மீன் வடைக்கும் வாழைக்காய்க்கும் குமிழி வைன். அது உப்புக்கும் பொரியலுக்கும்தான். உறைப்போடு வைத்தால் “நாக்கிலை ஊசி குத்துது” என்று இவர் நிராகரித்துவிட்டார். ஜேர்க்குக்கு ரீஸ்லிங். புகையில் வாட்டி இனிப்புப் பாணி தடவிய பன்றி விலாவுக்கு மெல்லிய சிவப்பு, பழச்சுவையோடு, குளிரவைத்து. பன்றியை இவர் தொடமாட்டார் என்பதால் பாணியை மட்டும் பாண் துண்டில் பூசிக் கொடுத்தேன்.

ஆட்டுக்கறியில் சண்டை. நான் இன்னொரு வெள்ளை என்றேன். இவர் இளஞ்சிவப்பு ரோஸே என்றார்.

“உமக்கு உறைப்பே தெரியாது, பிறகென்ன கதை?”

“உங்களுக்கு வைனே தெரியாது.”

“அதுதான் காது இருக்கே.”

ரோஸேயோடு காது ஒன்று, வெள்ளையோடு ஒன்றரை. ரோஸே.

நடுவில் நிலானி தொலைபேசியில் எடுத்தாள். “அம்மா, அங்கை பின்னாலை ஆர் சிரிக்கிறது? அப்பாவோ? ஏன், என்ன நடந்தது?” ஒன்றும் நடக்கவில்லை என்றேன். இன்றைக்கு ஒரு சட்டிதான் சமைத்தேன், மஞ்சள். மிளகாய்த்தூள் முடிந்துவிட்டது, அதனால்தான்.

யூலை 22, சனி

கோயிலில் கொடியேற்றம். அதை நான் மறந்தே போனேன். பதினைந்து நாள் வீட்டில் மச்சம் இல்லை; இவர் வாயில் கோழியும் இல்லை, ஆடும் இல்லை. விருந்துக்கு ஏழு நாள். டெல்ரோய் போனவாரம் பிமென்டோவை மாற்றியிருக்கிறார். மறுபடி ஒரு தரம் சோதிக்காமல் விடமுடியாது.

யூலை 23, ஞாயிறு

டெல்ரோயிடம் விசயத்தைச் சொன்னேன். கூட்டில் மச்சம் ஒன்றும் இல்லையே, கோழிக்குப் பதில் எதிலாவது பூசித் தரமுடியுமா என்று கேட்டேன். யோசித்துவிட்டு, பிலாக்காய் இருக்கிறது என்றார். ஜமேக்காவிலும் மச்சம் தின்னாதவர்கள் அதைத்தான் ஜேர்க் செய்வார்களாம். பீப்பாயில் வாட்டித் தந்தார். இறைச்சி மாதிரியே நார்நாராக, ஓரம் கறுத்து.

பிலாக்காய்ப் பிரச்சினை தீர்ந்தது. வைன்?

“திராட்சைப்பழம் மரக்கறிதானேயப்பா?” என்று கேட்டுப் பார்த்தேன்.

“உம்மடை நியாயத்தை நிர்வாக சபையிலை வந்து சொல்லும்.” பிறகு கொஞ்ச நேரம் மேலே பார்த்தார். செயலாளர்கள் விதிகளை எழுதுகிறவர்கள். அவற்றில் எங்கே வாசல் இருக்கிறது என்று அவர்களுக்குத்தான் தெரியும். “விடிய அஞ்சு மணிக்கு எழும்பும். குளிக்கமுதல் பாப்பம். குளிக்கமுதல் செய்தது குளிப்போடை போகும்.”

யூலை 26, புதன்

மூன்று நாள், விடிய ஐந்து மணி, பிலாக்காய், ரீஸ்லிங், பேணி, குளிப்பு, கோயில். அந்த ஒழுங்கில். காது ஒன்றில் நிற்கிறது.

யூலை 29, சனி

நான்கு மணிக்கு டெல்ரோய் அளவுக்கு மீறி நல்ல மனிதராக இருந்தார். எனக்குக் கதிரை எடுத்துத் தந்தார். “இண்டைக்கு ஒருத்தரும் இருமாயினம், பாருங்கோ” என்றார். டெல்ரோய் எனக்குக் கதிரை எடுத்துத் தருகிற ஆள் அல்ல. ஜேர்க் கூட்டில் விரலை வைத்து நக்கினேன். வழக்கம்போல இனிப்பு. மிஸ் ஹயசிந்த் நக்கினார். “காலைமை தொடக்கம் பத்துச் சட்டியை நக்கிப்போட்டன். இனி எனக்கு எல்லாம் ஒண்டுதான்” என்றார்.

வெட்டுப்பலகையைப் பார்த்தேன். மிளகாய்க் காம்புகள் ஆறு. வழக்கமாகப் பன்னிரண்டு இருக்கும். அல்லது மீதியைக் கூட்டித் தள்ளியிருப்பாரோ? கேட்டால், “என்ரை கையிலை நம்பிக்கை இல்லையோ?” என்பார். ஒத்திகையில் பழியைச் சுமந்தவர்.

மிளகாய் பாதியாகியிருந்தால் என் பட்டியல் முழுக்கப் பிழை. உறைப்பில்லாத சாப்பாட்டோடு இனிப்பு வைன் சர்பத்துப்போல வழியும். தொலைபேசியை எடுத்தேன்.

“இஞ்சருங்கோ, எங்கை நிக்கிறியள்?”

“வேறெங்கை, கோயிலிலை.”

“உங்கடை காது வேணும்.”

இருபது நிமிடத்தில் பின்கதவால் வந்தார். வேட்டி, சால்வை, நெற்றி நிறைய விபூதி. பின்னேரப் பூசைப் பொறுப்பை வேறொருவரிடம் கொடுத்துவிட்டு வந்தாராம். குசினியே நின்று பார்த்தது. டெல்ரோய் பிலாக்காய்த் துண்டில் கூட்டைப் பூசி, வாட்டிக் கொடுத்தார். இவர் மென்றார். நான் இடது காதைப் பார்த்தேன், மிஸ் ஹயசிந்த் வலது காதைப் பார்த்தார். இரண்டும் சிவக்கவில்லை.

“உறைக்கேல்லை” என்றார் இவர். “ஜாம் மாதிரிக் கிடக்கு.”

மிஸ் ஹயசிந்த் திரும்பினார். “டெல்ரோய்?”

டெல்ரோய் அகப்பையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: “அண்டைக்கு எல்லாரும் என்னைத்தானே பாத்தவை. பாதி குறைச்சிட்டன்.”

“அண்டைக்குப் பிழை என்னிலை,” என்றேன். “மிளகாயிலை இல்லை. உங்களிலை இல்லை. எல்லாருக்கும் முன்னாலை நான் இதை அப்பவே சொல்லியிருக்கவேணும். சொல்லேல்லை. மன்னிச்சுக்கொள்ளுங்கோ.”

டெல்ரோய் அகப்பையை வைத்தார். ஆறு மிளகாயை எடுத்து, எல்லோருக்கும் தெரியும்படி ஒவ்வொன்றாக வெட்டினார். அரைத்து, கலந்து, புதுத் துண்டில் பூசி வாட்டி, இவருக்கு நீட்டினார். முதலில் மடல். பிறகு முழுக் காது. டெல்ரோய் குனிந்து, இறைச்சி வெந்துவிட்டதா என்று பார்ப்பதுபோல உற்றுப் பார்த்தார். “சரி,” என்றார், “இதுதான் என்ரை ஜேர்க்.” கோழிகளை எடுத்து மறுபடி பூசத் தொடங்கினார்.

ஆறரைக்கு நாற்பது பேர். ஒவ்வொரு சாப்பாடும் வரும்போது நான் எழுந்து வைனைப் பற்றிச் சொல்லவேண்டும். கூஸ்பெரி, தோல் எல்லாம் எழுதி வைத்திருந்தேன். வாய் திறந்தபோது வந்தது வேறு. “இதில் மண்ணெண்ணெய் கொஞ்சம் மணக்கும். பயப்படாதீர்கள். என் கணவர் கண்டுபிடித்தது” என்றேன். சிரித்தார்கள். இந்தத் தரம் நான் நாக்கை நீட்டாமலே சிரித்தார்கள்.

நான் மிஸ் போலெட்டின் தண்ணீர்க் கிண்ணத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். கோழி. ஒரு வாய் ரீஸ்லிங். கோழி. தொப்பியைத் தொடவில்லை. ஆட்டுக்கறி. ரோஸே. தண்ணீர் நிரப்பிய அளவிலேயே நின்றது. கடைசியில் என்னைக் கூப்பிட்டு, “இந்தக் கோழி இண்டைக்கு வழக்கத்தைவிட ருசி. டெல்ரோய் என்ன செய்தவர்?” என்றார்.

“ஒண்டும் செய்யேல்லை,” என்றேன். “அதே பன்னிரண்டு மிளகாய்தான்.” குசினி வாசலில் அகப்பை ஒன்று மேலே போய் இறங்கியது.

மிஸ் ஹயசிந்த் என் கையில் வைன் அலுமாரிச் சாவியை வைத்தார். “திங்கட்கிழமை பத்து மணி. பிந்தாதை. அந்தப் பிலாக்காயும் பட்டியலிலை ஏறுது. அதுக்கும் ஒரு வைன் தேடு. ஆனால் பிள்ளை,” என்று காதோடு சொன்னார், “உன்ரை நாக்கை நம்பி இல்லை. அந்த மனுசன்ரை காதை நம்பித்தான் தாறன்.”

அந்த மனுசன் மூலை மேசையில், பிலாக்காய்த் தட்டோடு, விபூதி கலையாமல் உட்கார்ந்திருந்தார். மிஸ் ஹயசிந்த் தானே போய் ஒரு கிண்ணம் ரீஸ்லிங் ஊற்றி முன்னால் வைத்தார். மறுத்தால் மரியாதையில்லை. இவர் ஒரு வாய் எடுத்தார். எடுத்தபின்தான் மேசையைச் சுற்றிப் பார்த்தார். பேணி இல்லை. விருந்து மேசையில் யார் பேணி வைப்பார்கள்?

“எப்பிடி, உங்கடை மனுசியின்ரை தெரிவு?” என்று மிஸ் ஹயசிந்த் கேட்டார். இரண்டு கன்னமும் உப்பியபடி இவர் பலமாகத் தலையாட்டினார். “உறைப்புக்கு நல்லாய்ச் சேருதோ?” இன்னும் பலமாகத் தலையாட்டினார். மிஸ் போலெட் வந்து கைகுலுக்கினார். எழுந்து நின்று, கைகூப்பி, கன்னங்களோடு ஒரு கும்பிடு. பிறகு சால்வையைச் சரிசெய்துகொண்டு, கோயிலில் சாமிக்குப் பின்னால் நடப்பதுபோல நிதானமாக நடந்து போனார்.

திரும்பி வந்தபோது கன்னங்கள் பழைய அளவில் இருந்தன.

“துப்பிட்டியளோ?” என்று கேட்டேன்.

“சரி, வெளிக்கிடுவம். நாளைக்கு வெள்ளன எழும்பவேணும்” என்றார்.

இந்த உணவகத்தில் கழுவுகிற இடம் இடதுபக்கம். இவர் போனது வலதுபக்கம். அங்கே கோட்டுகள் கொளுவுகிற சுவரைத் தவிர வேறொன்றும் இல்லை.

யூலை 30, ஞாயிறு

ரீஸ்லிங், நயாகரா. நிறம்: வெளிர் மஞ்சள். மணம்: தேசிக்காய்த் தோல், மண்ணெண்ணெய். ஜேர்க் கோழிக்கும் பிலாக்காய்க்கும் மிக நன்று.

இவர் காலையில் கோயிலுக்குப் போகமுதல் இரண்டு தரம் குளித்தார். நான் கேட்கவில்லை. அவர் சொல்லவில்லை.